முகநூலில் எழுதப்படும் முறைப்பாடு கோப்பில் ஏறுகிறதா? நான்கு துறைகளுக்கு நடுவே நிற்கும் ஓர் ஆய்வுக்கு வழிகாட்டல் வேண்டுகிறேன்

உப்பாற்றங்கரை:

அனைவருக்கும் வணக்கம். நான் குடிசார் பொறியியல் பட்டதாரி. திருகோணமலை மாவட்டத்தில் வீதி, மதகு, வடிகான் வேலைகளோடு தொடர்புடைய பணியில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். பகுதிநேரமாக முதுதத்துவமாணி ஆய்வு செய்வதற்காக முன்மொழிவு ஒன்றை எழுதி வருகிறேன். ஆறு மாதமாகியும் அது முதற் பக்கத்தைத் தாண்டாததால் இங்கே கேட்கிறேன்.

2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் மாற்று வழியாக ஓடிய ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்ததை இம்மாவட்டத்தவர் எவரும் மறக்கவில்லை. அன்று தொடங்கிய கேள்வி என்னை இன்னும் விடவில்லை. ஓரிடம் ஆபத்தானது என்று கண்ணால் கண்டவரின் சொல், அதைத் திருத்தக் கடமைப்பட்டவரின் மேசைக்கு எந்த வழியாகப் போகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது?

என் சொந்த ஊரிலேயே இதற்குச் சிறியதோர் உதாரணம் உண்டு. பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லும் மதகொன்றின் கைப்பிடிச் சுவர் இடிந்து விழுந்தபோது, ஊர் இளைஞர்கள் அதைப் படமெடுத்து முகநூலில் இட்டனர். நூற்றுக்கணக்கானோர் அதைப் பகிர்ந்தனர், பிரதேச சபை உறுப்பினர் ஒருவர் “கவனத்தில் எடுத்துள்ளோம்” என்று பின்னூட்டமும் எழுதினார். இரண்டு மாதங்கள் எதுவும் நடக்கவில்லை. பின்னர் என் அம்மா ஒரு கடிதம் எழுதிக்கொண்டு சபை அலுவலகத்துக்கு நேரில் போய்த் திகதி முத்திரை பெற்றுவந்தார். மூன்றாம் கிழமை வேலை நடந்தது. அலுவலகத்தில் விசாரித்தபோது, முகநூற் பதிவைப் பற்றி அங்கே ஒரு வரி எழுத்தும் இருக்கவில்லை என்று தெரிந்தது.

இதையே ஆய்வாக்கலாம் என்று எண்ணிப் பேராசிரியர்களை அணுகினேன். பொறியியல் பக்கத்தில் “இதில் கணிப்பு எங்கே?” என்றார்கள். தொடர்பாடல் பக்கத்தில் “மதகு எங்களுக்கு எதற்கு?” என்றார்கள். முகாமைத்துவத்தில் தலைமைத்துவப் பண்புகள் பற்றிய ஆயத்த வினாக்கொத்து ஒன்றைத் தந்து, அதை இருநூறு பேரிடம் நிரப்பி வருமாறு சொன்னார்கள். சட்டம் கற்பிப்பவர் ஒருவர் மட்டும், “உம்முடைய சட்டக் கேள்வியை ஒரு வாக்கியத்தில் சொல்லும்” என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை.

எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்த்ததில் என் தலைப்பு இப்போது இப்படி நிற்கிறது: “திருகோணமலை மாவட்டத்தின் பொது உட்கட்டமைப்புப் பாதுகாப்பில் பொறியியல், இணைய நடத்தை, பொதுத் தலைமைத்துவம், சட்டம் ஆகியவற்றின் வகிபாகம்.” இதை எப்படிச் சுருக்குவது? மக்கள் எழுதிய பதிவுகளை அவர்களுடைய அனுமதியின்றிச் சேகரிக்கலாமா? குறிஞ்சாக்கேணியை மைய நிகழ்வாக எடுப்பது சரியா? அனுபவமுள்ளோர் சொல்லித் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

சட்டவாசல்:

வணக்கம் சகோதரி. நான் சட்டம் கற்பிப்பவன் (உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் நான் அல்லன்). உங்கள் தலைப்பில் நான்கு துறைகளின் பெயர்கள் இருக்கின்றன, கேள்வி இல்லை. உங்கள் அம்மாவின் கடிதத்தில்தான் கேள்வி இருக்கிறது. ஒரே செய்தி இரண்டு வழிகளில் போனது, ஒன்றுக்கு விளைவு இருந்தது, மற்றதற்கு இருக்கவில்லை. முறைப்பாடு எந்த வடிவில் வந்தால் அது பொது அதிகாரசபை ஒன்றைக் கட்டுப்படுத்தும் ‘அறிவித்தல்’ ஆகிறது என்பதே உங்கள் சட்டக் கேள்வி. அது ஒரு வாக்கியந்தான்.

இனி அதற்குள் இறங்குவோம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வழிகள் ஆகியவற்றின் நிருவாகத்தைச் சபையிடம் ஒப்படைக்கிறது. ஆனால் மாவட்டத்தின் எல்லா வீதிகளும் சபையினுடையவை அல்ல. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை, சி, டி தர வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்துக்குரியவை, எஞ்சிய உள்வீதிகளே பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. முகநூலில் படம் இடுபவருக்கு இந்தப் பிரிவினை தெரிய வேண்டியதில்லை. அவர் கண்டது உடைந்த மதகு மட்டுமே. அலுவலகமோ “இது எமது வீதியன்று” என்பதோடு முடித்துக்கொள்கிறது. எனவே நீங்கள் சேகரிக்கும் ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும், அந்த இடத்தின் உரிமையாளர் யார் என்பதை முதலில் எழுதிவையுங்கள். உங்கள் ஒன்பது ஆண்டு அனுபவம் வேறெந்த ஆய்வாளருக்கும் கிடைக்காத வசதியாக அமைவது இங்கேதான்.

இலத்திரனியல் வடிவைப் பற்றியும் சொல்லவேண்டும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, ஒரு செய்தி இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதன் சட்ட மதிப்பை மறுக்கலாகாது. ஆனால் மதிப்பை மறுக்காமல் இருப்பதும், சபையை விளித்து எழுதப்பட்ட கடிதமாக ஏற்பதும் வேறு வேறு. தன் நண்பர்களை நோக்கி எழுதிய பதிவு சபைக்குக் ‘கிடைத்தது’ என்று எப்போது சொல்லலாம்? சபையின் உத்தியோகபூர்வப் பக்கத்தில் எழுதினால் போதுமா? உறுப்பினர் பின்னூட்டம் எழுதினால் சபை அறிந்ததாகுமா? உங்கள் சட்ட அத்தியாயத்துக்கு இவை போதும்.

தரவுக்கு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். முறைப்பாட்டுப் பதிவேடு, உள்வரும் கடிதப் பதிவேடு, மாதாந்தக் கூட்ட அறிக்கைகள் ஆகியவற்றைத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். அவர் 14 வேலை நாள்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின்னர் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். முறைப்பாட்டாளர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை மறைத்துத் தந்தாற் போதும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். தனிப்பட்ட தகவல் என்ற காரணத்தைக் காட்டி முழுப் பதிவேட்டையும் மறுக்கும் வழி அதனால் அடைபடும். அதே சட்டம், வெளிநாட்டு நிதியாயின் 1 இலட்சம் அமெரிக்க டொலரையும் உள்நாட்டு நிதியாயின் 5 இலட்சம் ரூபாவையும் மிஞ்சும் செயற்றிட்டங்களின் தகவல்களை, வேலை தொடங்குவதற்கு மூன்று மாதங்கள் முன்னரே வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. பாலமொன்று கட்டப்படும் காலத்தில் மக்கள் எதில் கடப்பார்கள் என்ற ஏற்பாடு அத்தகவல்களில் இருந்ததா என்று தேடிப் பார்ப்பது பெரும் பயன் தரும்.

என் தனிப்பட்ட கருத்து: முகநூலைக் கைவிட்டு, பதிவேடுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆய்வு இரண்டு ஆண்டுகளில் முடியும்.

---

மூதூர்த்துறை:

அன்பு மகளுக்கு, நான் உள்ளூராட்சிச் சேவையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை எங்கள் பக்கத்தவருக்குப் ‘பாதை’ என்ற சொல் தண்ணீரில் மிதப்பதையே குறித்தது. 396 மீற்றர் நீளப் பாலத்தில் இன்று இரண்டு நிமிடத்தில் கடக்கும் பிள்ளைகளுக்கு, அந்தப் பாதைக்காகக் கரையில் காத்துநின்ற மணித்தியாலங்களைச் சொன்னாலும் விளங்காது. ஆகவே உமது கேள்வி என் வாழ்க்கையோடு சேர்ந்தது.

கோப்பு எப்படித் திறக்கப்படுகிறது என்பதைச் சொல்கிறேன். கடிதம் வந்தால் அது உள்வரும் கடிதப் பதிவேட்டில் இலக்கம் பெறும். இலக்கம் பெற்றால் செயலாளர் அதில் குறிப்பு எழுதியாக வேண்டும், குறிப்பு எழுதினால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்வையிட்டு அறிக்கை தரவேண்டும், அறிக்கை வந்தால் மதிப்பீடு வரும். உம்முடைய தாயார் பெற்றுவந்த முத்திரை இந்தச் சங்கிலியின் முதற் கண்ணி. முகநூற் பதிவுக்கு இலக்கமிடும் பதிவேடு நான் சேவையிலிருந்த எந்தச் சபையிலும் இருக்கவில்லை. உத்தியோகத்தர்கள் அக்கறையற்றவர்கள் என்று இதை எழுதிவிட வேண்டாம். அந்தப் பதிவுகளை அவர்களும் வீட்டிலிருந்து பார்த்திருப்பார்கள். பார்த்ததை எழுதிவைப்பதற்கு ஓர் இடம் இல்லாமற் போனதுதான் குறை.

சட்டவாசல் அவர்கள் முகநூலைக் கைவிடச் சொல்கிறார். நான் மரியாதையுடன் மாறுபடுகிறேன். உறுப்பினர்கள் இப்போது தலைமைத்துவம் செய்வதே அங்கேதான். மழை பெய்த இரவில் வட்ஸ்அப்பில் செய்தி வந்தால், உறுப்பினர் பெக்கோ இயந்திரக்காரரிடம் நேரே பேசி, விடியுமுன் வடிகான் வாயைத் திறப்பித்துவிடுவார். கோப்பில் அது இராது. பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்கு அந்த உறுப்பினர் ஒன்றும் செய்யாதவராகத் தெரிவார். அதேபோல், கைபேசியில் உடனே பதில் கிடைக்கும் ஊருக்கும், உறுப்பினரின் இலக்கத்தை அறியாத விதவைத் தாய்மார் வாழும் ஊருக்கும் உள்ள வேறுபாடும் பதிவேட்டில் தெரியாது.

இன்னொன்றையும் கவனியும். 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல், உத்தியோகத்தர்களே சபைகளை நடத்தினார்கள். உறுப்பினர் இருந்த காலம், இல்லாத காலம், மீண்டும் வந்த காலம் என்று மூன்றும் உமக்கு ஆயத்தமாகக் கிடைத்திருக்கின்றன. உறுப்பினர் இல்லாத இரண்டு ஆண்டுகளில் மக்கள் கடிதத்துக்குத் திரும்பினார்களா, முகநூலில் இன்னும் உரத்துப் பேசினார்களா, பேசாமலே விட்டுவிட்டார்களா? தலைமைத்துவத்தை வினாக்கொத்தால் அளப்பதைவிட இதைப் பார்ப்பது மேல்.

குறிஞ்சாக்கேணியைப் பற்றி ஒரு வேண்டுகோள். அந்த வீடுகளுக்கு வினாக்கொத்துடன் போகவேண்டாம், மகள். வந்தவர்கள் பலர், அவர்கள் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்த இழப்பு உமது முன்னுரையில் ஒரு பந்தியாக, மரியாதையுடன் இருக்கட்டும். தரவை வேறிடத்தில் தேடும்.

---

சொல்லெண்ணி:

இணையத்தில் மக்கள் எழுதுவதை ஆராய்பவன் என்ற முறையில், அனுமதி பற்றிய கேள்விக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

‘எல்லோருக்கும் தெரியும்படி எழுதியதைச் சேகரிப்பதில் தவறென்ன?’ என்ற வாதம் போதாது. முகநூல் நிறுவனம் 2012 ஜனவரியில் ஒரு கிழமைக்கு 689,003 பயனர்களின் செய்தியோடையில் உணர்ச்சிச் சொற்களின் அளவை மாற்றிப் பார்த்து, அதன் முடிவு 2014இல் ஆய்விதழில் வெளியானபோது உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அந்நிறுவனத்தின் பயன்பாட்டு விதிகளில் ‘ஆராய்ச்சி’ என்ற சொல்லைக் காட்டியதை மக்கள் சம்மதமாக ஏற்கவில்லை. இத்துறையில் எனக்கு மிகவும் உதவிய எண்ணம் அந்தரங்கம் பற்றி ஆராயும் அறிஞர் ஹெலன் நிசன்பாம் முன்வைத்தது. ஒரு தகவல் எந்தச் சூழலில், எந்த எதிர்பார்ப்புடன் பகிரப்பட்டதோ அந்த எதிர்பார்ப்பை மீறும்போதுதான் அந்தரங்கம் குலைகிறது என்பார் அவர். சபையின் பக்கத்தில் “இந்த மதகைத் திருத்துங்கள்” என்று எழுதியவர் சபை படிக்க வேண்டும் என்றே எழுதினார். அதை நீங்கள் எண்ணுவது அவருடைய எதிர்பார்ப்புக்கு முரணன்று. ஊர்ப் பெண்கள் மட்டும் உள்ள மூடிய குழுவிலோ வட்ஸ்அப்பிலோ எழுதியது அப்படியல்ல. அங்கே நிருவாகியின் சம்மதம் போதாது, எழுதியவரின் சம்மதமும் வேண்டும்.

சட்டப்படி, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விஞ்ஞான ஆய்வுக்கு இடமளிக்கிறது, ஆனால் பொறுப்பை நீக்கவில்லை. 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவிருந்த பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன, அதன்பின் திருத்தமும் வந்தது. ஆகவே எந்தப் பிரிவு எப்போது நடைமுறைக்கு வருகிறது என்பதை வர்த்தமானியில் பார்த்துத்தான் எழுதவேண்டும். எனினும் முழுச் சட்டமும் நடைமுறையில் இருப்பதாகவே கருதி வேலை செய்யுங்கள். பெயர்களை முதல் நாளிலேயே இலக்கங்களாக மாற்றுங்கள். பதிவுகளைச் சொல்லுக்குச் சொல் மேற்கோள் காட்டாதீர்கள், ஏனெனில் ஒரு வரியைத் தேடுபொறியில் இட்டால் எழுதியவர் வீட்டு வாசல் வரை போய்விடலாம். கருத்தை உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

ஆய்வாளர்கள் பதிவுகளைத் திரட்டப் பயன்படுத்திய கிரவுட்டாங்கிள் கருவி 2024 ஓகஸ்ட் 14உடன் மூடப்பட்டுவிட்டது. நிரல் எழுதித் தானாக அள்ளுவதை முகநூல் விதிகள் தடுக்கின்றன. எனவே மூன்று அல்லது நான்கு உத்தியோகபூர்வப் பக்கங்களைத் தெரிவுசெய்து, கையாற் படித்துக் குறித்துக்கொள்வதே உங்களுக்கு ஏற்றது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் மாவட்டத்தில் ஒரே பின்னூட்டம் தமிழில் தொடங்கி, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாக மாறி, சிங்களச் சொல்லில் முடியும். “பார்த்து செய்வாங்க” என்ற வரி நம்பிக்கையா, கைவிட்டதா என்பதைக் கருவி அறியாது. நீங்களும் இன்னொருவரும் தனித்தனியே வகைப்படுத்தி, கோஹன் 1960இல் தந்த கப்பா அளவையால் உடன்பாட்டைக் கணித்துக் காட்டுங்கள். அந்த இன்னொருவர் கிண்ணியா, மூதூர்ப் பேச்சறிந்த முஸ்லிம் சகோதரி ஒருவராக இருந்தால் மிகவும் நல்லது.

மூதூர்த்துறை ஐயா காட்டிய மூன்று காலப் பிரிப்பு மிக அருமையானது. ஒரு தடங்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இணையப் பதிவுகளுக்காகத் தண்டிக்க இடமளிக்கும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அந்த ஆண்டு பெப்ரவரியில், உறுப்பினர்கள் இல்லாத காலத்தின் நடுவே வந்தது. பதிவுகள் குறைந்திருந்தால் மக்கள் உறுப்பினர் இல்லாததால் பேசவில்லையா, சட்டத்துக்கு அஞ்சிப் பேசவில்லையா என்று பிரித்தறிவது கடினம். நேர்காணலில் கேட்டுத்தான் அறியலாம்.

---

மழைமானி:

“கணிப்பு எங்கே?” என்று கேட்டவருக்கு என் பதில்: மழையில் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் முறைப்பாடுகள் ஐப்பசியில் ஏறித் தையில் இறங்கும். 2011 ஜனவரி வெள்ளம் போன்ற ஓர் ஆண்டையும், 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரேவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது போன்ற ஓர் ஆண்டையும், மழை குறைந்த ஓர் ஆண்டோடு அப்படியே ஒப்பிட முடியாது. வெருகல், மூதூர்ப் பக்கமாயின் உள்ளூர் மழை மட்டும் போதாது. மகாவலி நீர்மட்டத்தை ஆற்றின் மேற்பகுதியிலுள்ள மன்னம்பிட்டி அளவீட்டிலும் பார்க்க வேண்டும், ஏனெனில் வானம் வெளித்திருக்கும் நாளிலும் அங்கே வெள்ளம் வரும். முறைப்பாட்டு எண்ணிக்கையை மழையோடு சேர்த்துப் பார்க்காவிட்டால், தலைமைத்துவத்தின் விளைவென்று நீங்கள் எழுதுவது வெறும் வானிலையாக இருக்கலாம். 2020, 2021இல் ஊரடங்கு, 2022இல் எரிபொருட் தட்டுப்பாடு. ‘உறுப்பினர் இருந்த காலம்’ என்பதும் ஒரே சீரானதன்று.

முறைப்பாட்டில் சொல்லப்பட்ட இடங்களில் ஒரு பகுதிக்கேனும் நேரிற் சென்று, ஆபத்தின் அளவை நீங்களே மதிப்பிடுங்கள். அதிகம் பகிரப்பட்ட படம் அதிக ஆபத்தைக் காட்டுகிறதா என்பதைச் சொல்ல ஒரு பொறியியலாளரால்தான் முடியும்.

---

உப்பாற்றங்கரை:

நான்கு நாள்களாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். அனைவருக்கும் நன்றி. மூதூர்த்துறை ஐயா, குறிஞ்சாக்கேணி வீடுகளுக்குப் போகமாட்டேன். முன்னுரைப் பந்தியை எழுதி முடித்தபின் உங்களிடம் காட்டுவேன்.

நான்கு துறைகளின் பெயர்களையும் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டேன். ஆய்வின் அலகு ‘ஒரு முறைப்பாடு’. இப்போதைய கேள்வி இது: “திருகோணமலை மாவட்டத்தின் இரண்டு பிரதேச சபைப் பகுதிகளில் மதகு, வடிகான், வீதி பற்றி மக்கள் சொன்ன முறைப்பாடு, கடிதமாக வந்தபோதும் இணையத்தில் வந்தபோதும் எவ்வாறு பதியப்பட்டது, எத்தனை நாள்களில் களப் பார்வைக்குச் சென்றது?” சபைகள் இரண்டும் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களுடன் இருந்த காலத்திலும் இல்லாத காலத்திலும் இதைப் பார்ப்பேன். இடத்தின் உரிமையாளர் யார், ஆபத்து எவ்வளவு, அந்தக் கிழமை மழை எவ்வளவு என்ற மூன்றும் ஒவ்வொரு முறைப்பாட்டின் பக்கத்திலும் நிற்கும். சட்டவாசல் ஐயா, முகநூலைக் கைவிட மனம் வரவில்லை. உத்தியோகபூர்வப் பக்கங்களோடு மட்டும் நிறுத்திக்கொள்கிறேன். உறுப்பினர்கள் இரவில் தொலைபேசியில் முடித்த வேலைகளை நேர்காணலில் கேட்டறிவேன்.

ஒரு சந்தேகம் மிஞ்சியிருக்கிறது. நான் இதே துறையில் வேலை செய்பவள். எனக்குத் தெரிந்த அலுவலகத்துக்கு நானே தகவல் விண்ணப்பம் கொடுப்பது சரியாகுமா?

---

சட்டவாசல்:

தகவல் கேட்பது குடிமக்களின் உரிமை, அரச பணியில் இருப்பதால் அது போய்விடாது. விண்ணப்பத்தில் காரணம் சொல்லவேண்டிய கடப்பாடும் இல்லை. ஆனால் பணியின்போது கண்ட கோப்புகளை விண்ணப்பமின்றி ஆய்வுக்கு எடுக்காதீர்கள். அதுவே பின்னர் உங்களுக்கும் ஆய்வுக்கும் கேடாகும். நீங்கள் பணிபுரியும் அலுவலகத்தின் எல்லைக்குள் வராத இரண்டு சபைகளைத் தெரிவுசெய்யுங்கள், உங்கள் பணி பற்றி ஒழுக்கவியற் குழுவுக்கு எழுத்தில் அறிவியுங்கள். முகநூல் விடயத்தில் மூதூர்த்துறை அவர்கள் சொன்னதை ஏற்று என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எந்தப் பதிவேடு என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். நேரிற் சென்று கொடுத்து, கிடைத்தமைக்கான பற்றுச்சீட்டில் திகதி முத்திரையையும் வாங்கிக்கொள்ளுங்கள்.